எஞ்சின் பின்னே போனால் பெயரும் போகுமா?

அமெரிக்க நாட்டின் செவ்ரோலே கார்களுள் கொர்வெற் என்னும் ஸ்போர்ட்ஸ் கார் பெரும் புகழ் வாய்ந்தது. 1953ஆம் ஆண்டு தொடக்கம் ஏழு தலைமுறைகளாக அது எஞ்சினை முன்னே சுமந்து, பின்சில்லுகளால் உந்தப்பட்டு ஓடியது. 2019ஆம் ஆண்டு யூலை 18ஆந் திகதி உலகுக்குக் காட்டப்பட்ட எட்டாந் தலைமுறைக் காரிலோ அவ்வெஞ்சின் சாரதியின் முதுகுக்குப் பின்னே, பின்னச்சுக்குச் சற்று முன்னே அமர்ந்திருந்தது. அன்று எழுந்த வாதம் இன்னும் ஓய்ந்தபாடில்லை. எஞ்சினை இடம் மாற்றிய பின்னரும் அதனைக் கொர்வெற் என்று அழைத்தல் தகுமா என்பது பழைய கார்ப் பிரியர் கேட்கும் கேள்வி. தகும் என்பதே என் கருத்து. ஆயின், அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. மாற்றம் முழு மாற்றமாக இருத்தல் வேண்டும். அரைகுறை மாற்றத்தினும் பழைய அமைப்பே மேலானது.

மோட்டார்க் கார் விடயத்திலே தமிழாசிரியனுக்கு என்ன அலுவல் என்று, இம்மலரைப் புரட்டும் பொறியியலாளராகிய பழைய மாணவர் புன்முறுவல் செய்யலாம். இவ்வழக்கின் ஒரு பாதி எந்திரவியலைச் சார்ந்தது. மறுபாதி பெயரைச் சார்ந்தது. பெயர் பற்றிய வழக்கிலே எமக்கும் சிறிது உரித்துண்டன்றோ? முதற்பாதியில் யான் தவறாகப் பேசினால் அவர்கள் திருத்துவார்களாக.

எஞ்சின் இருக்கும் இடமும் அது உந்தும் சில்லும் வண்டிக்கு வண்டி வேறுபடும். நம் வீதிகளிலே நெடுங்காலம் உழைத்து, இன்றும் ஆங்காங்கே உயிருடன் உலாவும் மொறிஸ் மைனரில் எஞ்சின் முன்னே, உந்தப்படுவன பின்சில்லுகள். இரண்டையும் இணைக்க வண்டியின் அடியில் நீண்ட தண்டொன்று சுழல்கின்றது. மினி காரில் எஞ்சின் முன்னே குறுக்காகக் கிடக்கின்றது, உந்தப்படுவன முன்சில்லுகளே, நீண்ட தண்டுக்கு அங்கே வேலையில்லை. 1948இல் வெளிவந்த மொறிஸ் மைனரையும் 1959இல் வெளிவந்த மினியையும் வகுத்தவர் அலெக் இசிகோனிஸ் என்னும் ஒருவரே. பதினோராண்டுக்குள் ஒரே மனிதர் இரு வேறு அமைப்புக்களைக் கையாண்டார் என்றால், எந்த அமைப்பும் தெய்வக் கட்டளை அன்று என்பது பெறப்படும். தேவை எதுவோ அதற்கேற்ற அமைப்பு. சிறிய வெளிக்குள் நால்வரை இருத்துவது மினியின் தேவை. வளைவான பாதையிலே விரைந்து திரும்புவதும், நின்ற நிலையிலிருந்து பாய்ந்து புறப்படுவதும் ஸ்போர்ட்ஸ் காரின் தேவை.

அத்தேவைக்கு நடுப்பகுதியே எஞ்சினுக்கு உகந்த இடம் என்பதற்குக் காரணம் இரண்டு. காவுதடியின் இரு முனையிலும் நீர்க்குடம் தொங்கவிட்டுத் தோளிற் சுமப்பவன் சட்டென்று திரும்ப இயலாது. திரும்பத் தொடங்கிவிட்டால் சட்டென்று நிற்கவும் இயலாது. அதே குடங்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டால் எளிதில் திரும்புவான். பாரம் ஒன்றே, அது நடுவிலிருந்து எவ்வளவு தூரத்தில் உள்ளது என்பதே வேறுபாடு. காரும் அவ்வாறே. இரண்டாவது காரணம், வண்டி வேகமெடுக்கும்போது பாரம் பின்னோக்கிச் சாய்தலாகும். அவ்வேளையில் பின்சில்லுகளின் மேல் பாரம் மிகுந்திருப்பின், ரயர் வழுக்காது நிலத்தைப் பற்றும். ஏழாந் தலைமுறைக் கொர்வெற்றில் முன்னும் பின்னும் பாரம் ஏறக்குறையச் சரிபாதி. எட்டாந் தலைமுறையில் நூற்றுக்கு ஏறக்குறைய 60 பங்கு பின்சில்லுகளின் மேலது. அறிமுகமானபோது அதன் எஞ்சினோ 6.2 லீற்றர் கொள்ளளவுடையதாயிருந்தது. அப்போதைய வலுமிக்க வகையில் 495 குதிரைவலு. மணிக்கு 60 மைல் வேகத்தை எட்ட அதற்கு மூன்று செக்கனும் வேண்டியதில்லை.

இஃது இன்று நேற்றுக் கண்ட உண்மையன்று. 1934ஆம் ஆண்டிலேயே ஜேர்மனியின் ஓட்டோ யூனியன் பந்தயக் கார்கள் சாரதிக்குப் பின்னே எஞ்சினைத் தாங்கி ஓடின. எனினும் பந்தய உலகம் அதனை ஒரு புதுமையாகப் பார்த்ததேயன்றிப் பின்பற்றவில்லை. 1958இல் ஆர்ஜென்ரீனாவில் நடந்த கிராண்ட் பிறிப் பந்தயத்திலே, கூப்பர் என்னும் சிறிய ஆங்கில நிறுவனத்தாரின் பின்னெஞ்சின் கார் ஸ்ரேலிங் மொஸ் என்பவர் செலுத்த முதலிடம் பெற்றது. 1959, 1960 ஆகிய ஈராண்டும் ஜாக் பிரபாம் அந்நிறுவனக் கார்களிலே உலகப் பட்டம் வென்றார். இத்தாலியின் என்சோ பெராரி மாத்திரம் நெடுநாள் இணங்கவில்லை. எருது வண்டியை இழுப்பதன்றித் தள்ளுவதில்லை என்பது அவர் கொள்கை என்பர். கேட்பதற்கு நல்ல வாதமே. ஆனால் வண்டியிற் பூட்டிய எருதுக்கு நிலத்தை உதைக்கத் தன் கால்கள் உண்டு. எஞ்சினுக்குக் கால் இல்லை, சில்லே அதன் கால் என்பதை அவ்வாதம் மறந்துவிட்டது. 1961இல் பெராரியாரும் எஞ்சினைப் பின்னே வைத்தார். அவ்வாண்டுப் பட்டம் அவருடைய காருக்கே கிடைத்தது. அதன் பின் எஞ்சினை முன்னே வைத்து உலகப் பட்டம் வென்றார் எவருமிலர். அமெரிக்காவின் இன்டியனாப்போலிஸ் பந்தயத்திலும் 1964க்குப் பின் முன்னெஞ்சின் கார் வென்றதில்லை.

பந்தயக் களம் ஏழாண்டுக்குள் ஏற்றுக்கொண்டதைக் கொர்வெற் ஏற்றுக்கொள்ள அறுபது ஆண்டுகள் சென்றன. இவ்விடத்திலே சோரா ஆர்க்கஸ் டன்ரொவ் என்பவரை நினையாமல் அப்பாற் செல்ல மனம் வரவில்லை. ரஷ்யப் பெற்றோருக்கு 1909இல் பிரசெல்ஸ் நகரிற் பிறந்து, பேர்லினிற் பொறியியல் கற்று, யுத்த காலத்தில் அமெரிக்காவை அடைந்தவர் அவர். 1953 தைமாதம் நியூயோர்க்கிலே காட்சிக்கு வைக்கப்பட்ட முதற் கொர்வெற்றைக் கண்டு மனங்கவரப்பட்டு, அவ்வாண்டிலேயே ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனத்திற் சேர்ந்தார். 1957இல் செப்ரிங் பந்தயத்துக்கு அவர் ஆக்கிய கார், 23 சுற்றுக்களுடன் விலக நேர்ந்தது. முன்னிருந்த எஞ்சினின் வெப்பம் சாரதி இருந்த இடத்தை அடுப்பங்கரையாக்கிவிட்டதையும் அவர் அங்கே கண்டார். 1960இல் எஞ்சினைப் பின்னே வைத்து ஓர் ஆராய்ச்சிக் கார் செய்து காட்டினார். 1964இல் நாற்சில்லும் உந்தப்படும் வேறொன்று. 1970இல் நியூயோர்க் காட்சியிலே இன்னொன்று. ஒவ்வொன்றும் பார்த்தவர் பாராட்டுப் பெற்றது. ஒன்றும் விற்பனைக்கு வரவில்லை. முன்னெஞ்சின் கொர்வெற் நன்றாக விலைப்பட்டுக்கொண்டிருக்கையில், அதனை மாற்றப் பெருந்தொகை செலவிட நிர்வாகத்தாருக்கு மனமில்லை. டன்ரொவ் 1975இல் இளைப்பாறினார், 1996இல் காலமானார். அவருடைய அஸ்தி, கொர்வெற் ஆக்கப்படும் பௌலிங் கிறீன் நகரத்து அருங்காட்சியகத்திலே வைக்கப்பட்டுள்ளது. அவர் கேட்ட கார் 2020ஆம் ஆண்டு மாசியில் அவ்வூர்த் தொழிற்சாலையிலிருந்து வெளிவரத் தொடங்கிற்று.

நிர்வாகத்தாரைக் குறை கூறுவது எளிது. யானும் ஓரளவு கூறுவேன். முப்பது ஆண்டுத் தாமதம் பொறுக்கலாம், அறுபது ஆண்டு மிகை. ஆயினும் அவர்கள் அஞ்சியதற்கு நியாயம் இல்லாமலில்லை. எஞ்சினை இடம் மாற்றுதல் வீட்டிலே அலுமாரியை ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்கு நகர்த்துவது போன்றதன்று; அடுக்களையையே இடம் மாற்றுவது போன்றது. புகைபோக்கி, நீர்வழி, கதவு அனைத்தும் கூடவே மாற வேண்டும்.

இதற்குச் சான்று அதே ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனத்தின் வேறொரு கார். 1984ஆம் ஆண்டு மாதிரியாக வந்த பொன்ரியாக் பியெரோ என்னும் அச்சிறு கார், இருக்கைக்குப் பின்னே எஞ்சினை உடையது. செலவைக் குறைக்கும்பொருட்டு, முன்சில்லுகளை உந்தும் சாதாரணக் குடும்பக் காரொன்றின் முன்பாகத்து உறுப்புக்களையே எடுத்துப் பின்னே பொருத்தினார்கள். முன்சில்லு திரும்புவதற்கென ஆக்கப்பட்ட கை அவ்வுறுப்பிலே உண்டு. பின்னே வந்த சில்லு திரும்பலாகாது. ஆதலின் அக்கையைத் தண்டொன்றினால் வண்டியின் சட்டத்தோடு பிணைத்தார்கள். காகிதத்திலே இது சரியாகத் தோன்றும். பள்ளத்திலும் மேட்டிலும் சில்லு ஏறி இறங்குகையில், அத்தண்டின் நீளமும் அது பிணைக்கப்பட்ட இடமும் மற்றைக் கைகளோடு இசையாவிடின், சாரதி திருப்பாமலே பின்சில்லு சிறிது திரும்பும். வளைவிலே வேகமாகச் செல்லும்போது அச்சிறிது பெரிதாகும். 1988இல் பியெரோவுக்குப் புதிய தொங்கலமைப்பை முறையாக வகுத்துக் கொடுத்தார்கள். கார் அப்பொழுதுதான் தன் வடிவுக்கேற்ற ஓட்டத்தைப் பெற்றது. அவ்வாண்டுடனேயே அதன் உற்பத்தியும் நிறுத்தப்பட்டது.

கொட்டிலிலே வைத்துத் தம் கையாற் காரை மாற்றியமைக்கும் ஆர்வலர் பல நாடுகளிலும் உளர். முன்சில்லுக் காரின் எஞ்சினையும் கியர்ப்பெட்டியையும் ஒருங்கே கழற்றிப் பின்னே ஏற்றுவது அவர்களுக்குப் பிரியமான வழி. அவர்களுடைய உழைப்பை யான் மதிக்கின்றேன். ஆனால் எஞ்சின் ஏறியதும் வேலை முடிந்தது என்று நினைப்பவர் பலர்; வேலை அங்கேதான் தொடங்குகின்றது. பாரம் பின்னே போனதும் முன்சில்லுகளின் பிடி குறையும். பிறேக்கு முன்னுக்கும் பின்னுக்கும் பழைய விகிதத்திற் பிடித்தால் முன்சில்லு இறுகி வழுக்கும். வில்லுகளின் உறுதி மாற வேண்டும்; பின் ரயர் அகல வேண்டும். றேடியேற்றர் முன்னேயே இருப்பின் வெந்நீர் வண்டியின் நீளம் முழுவதும் சென்று மீள வேண்டும். அக்குழாயிலே காற்று அடைபட்டால் எஞ்சின் வெந்துவிடும். எரிபொருட் தாங்கி எஞ்சினுக்கு அருகே வந்துவிடும். இடையே நெருப்பை மறிக்கும் தட்டு இல்லாவிடின் அதன் பயனைச் சொல்ல வேண்டுவதில்லை. வெட்டிய சட்டத்தை மீண்டும் ஒட்டுபவன் தன் உயிரையும், எதிரே வருபவன் உயிரையும் அவ்வொட்டிலே தொங்கவிடுகின்றான். கணக்குச் செய்யாத இடமாற்றத்தை வீதிக்கு வர விடலாகாது என்பதில் எனக்கு ஐயமேயில்லை.

எட்டாந் தலைமுறைக் கொர்வெற் இப்பரீட்சையிலே தேறியது. 1997இலேயே ஐந்தாந் தலைமுறையிற் கியர்ப்பெட்டியைப் பின்னச்சுக்குக் கொண்டுசென்று பழகியிருந்தார்கள். 2019இல் எஞ்சினை மட்டும் நகர்த்தாமல், இருக்கைகளையும் 16.5 அங்குலம் முன்னே தள்ளினார்கள். வண்டியின் முதுகெலும்பு போன்ற நடுச்சட்டத்தைப் புதிதாக வகுத்தார்கள். பக்கங்களிலே காற்று வாய்கள் திறந்தார்கள். எல்லாவற்றையும் புதிதாக வகுத்த அவ்வேளையிலே, நம்மைப்போல வீதியின் இடப்பக்கமாக வண்டி செலுத்தும் நாட்டவர்க்கென வலப்பக்க ஸ்ரியறிங்கும் தொழிற்சாலையிலேயே முதன்முறையாகப் பொருத்தப்பட்டது.

இனிப் பெயர் வழக்குக்கு வருவோம். பெயரை இடுகுறி என்றும் காரணம் என்றும் இலக்கண நூலார் பிரிப்பர். கொர்வெற் என்பது விரைந்து செல்லும் சிறிய போர்க்கப்பல் வகையின் பெயர். காருக்கு அதனை இட்டது வேகமும் இலகுவும் கருதியே. எனவே இது காரணம் பற்றி வந்த பெயர். காரணம் வேகமேயன்றி எஞ்சின் இருக்கும் இடம் அன்று. காரணம் நிலைத்திருக்கும்வரை பெயரும் நிலைத்திருக்க உரிமையுண்டு. வேறு வகையிற் சொன்னால், இடத்தைக் காப்பாற்றி வேகத்தை இழந்த ஒரு கார் அப்பெயரை வைத்திருப்பதே பொய்யாகும்.

இதற்கு மறுப்பாகப் போர்ஷ 911ஐக் காட்டுவர். 1963இற் காட்சிக்கு வந்த அக்கார் இன்றுவரை எஞ்சினைப் பின்னச்சுக்கும் அப்பால் வைத்தே ஓடுகின்றது. அதற்கு வாரிசாக 1977இல் வந்த முன்னெஞ்சின் 928, 1995உடன் மறைந்தது, 911 மறையவில்லை. பழைய அமைப்பை விடாது பிடித்து, ஆண்டுதோறும் திருத்தித் திருத்தி அதன் குறைகளை அடக்கிய பொறியியலாளரின் பொறுமைக்கு யான் தலைவணங்குகின்றேன். ஆனால் 2017ஆம் ஆண்டுப் பந்தயத்துக்கென வந்த 911 ஆர்.எஸ்.ஆர். காரிலே அவர்களே எஞ்சினைத் திருப்பிப் பின்னச்சுக்கு முன்னே வைத்தார்கள் என்பதையும் மறுப்பாளர் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2018இல் லெ மான் பந்தயத்திலே தன் பிரிவில் அது முதலிடம் பெற்றது. 911 என்ற பெயர் அப்படியே இருந்தது. ஒருவரும் அழிக்கச் சொல்லவில்லை.

புதிய கொர்வெற்றிலே எனக்கு ஒரு குறை உண்டு. எட்டுக் கியரும் தாமே மாறும். சாரதி விரும்பினால் விரலால் ஏவலாம். காலால் மிதிக்கும் கிளச்சும் கையால் மாற்றும் கியரும் எந்த விலைக்கும் கிடையா. இஃது எஞ்சின் இடம் மாறியதால் தவிர்க்கவொண்ணாது வந்த இழப்பன்று. நடுவெஞ்சின் கார்கள் பல கைக்கியருடன் வந்துள்ளன. கைக்கியர் கேட்டவர் தொகை சிறிது என்று விட்டுவிட்டார்கள். பழைய கார்ப் பிரியர் எஞ்சினுக்காக எழுப்பும் ஓலத்திற் பாதியை இதற்காக எழுப்பியிருப்பின், யானும் அவர்களுடன் சேர்ந்திருப்பேன்.