இடிமழை எந்த ஊருக்கு, எத்தனை மணிக்கு?

சித்திரையில் வாடை ஓய்ந்துவிடும்; சோளகம் இன்னும் எழும்பியிராது. ஏப்ரல் நடுப்பகுதியில் சூரியன் யாழ். குடாநாட்டுக்கு நேர் உச்சியில் நிற்கும். கடலிலிருந்து வந்த ஈரம் காற்றில்லாமல் ஊருக்குள்ளேயே தங்கிவிடும். அப்போது வெப்பமானி 33 பாகை செல்சியஸ்தான் காட்டும். ஆனால் ஈரப்பதன் 70 சதவீதமாக இருந்தால் உடலுக்கு அது ஏறத்தாழ 43 பாகை. வியர்வை காயாத உடல் குளிராது. வளிமண்டலவியல் திணைக்களம் வெறும் வெப்பநிலையோடு நில்லாமல் வெப்பச் சுட்டெண் எச்சரிக்கையும் விடத் தொடங்கியது அதனால் மிகவும் பயனுள்ள மாற்றம்.

இடிமழை விடயத்தில் அப்படியொரு மாற்றம் இன்னும் வரவில்லை. வட மாகாணத்தின் சில இடங்களில் பிற்பகல் இரண்டு மணிக்குப் பின் இடியுடன் மழை பெய்யக்கூடும் என்கிறது வழமையான அறிவிப்பு. அதில் பிழையில்லை. பாக்கு நீரிணைப் பக்கமிருந்தும் கடனீரேரிப் பக்கமிருந்தும் வரும் காற்றுகள் தரையின் நடுவே முட்டி மேலெழும்போதே முகில் திரள்கிறது. வன்னியில் திரளும் முகிலும் சில நாட்களில் இப்பக்கம் நகர்ந்து வருவதுண்டு. ஒரு முகிலின் அகலம் சில கிலோமீற்றர். ஆயுள் பெரும்பாலும் ஒரு மணித்தியாலம். சுன்னாகத்தில் கொட்டும்போது சாவகச்சேரியில் வெயில் எறிக்கும். இதைக் காலையிலேயே ஊர் குறித்துச் சொல்ல உலகில் எவராலும் இயலாது.

ஆனால் முகில் திரண்ட பிறகு சொல்லலாம். அதற்கு ராடார் வேண்டும். புத்தளத்திலும் பொத்துவிலிலும் டொப்ளர் ராடார் அமைக்க 2017இல் ஜப்பான் நிதியுதவிக்கு உடன்பட்டும், வேலை ஆண்டுக்கணக்கில் இழுபட்டது. இதற்கிடையே, பருத்தித்துறையிலிருந்து ஏறத்தாழ 130 கிலோமீற்றர் தொலைவில், காரைக்காலில் இந்திய வானிலைத் துறையின் டொப்ளர் ராடார் இருக்கிறது. குடாநாட்டின் வானம் அதன் எல்லைக்குள் அடங்குகிறது. அதன் படங்கள் இணையத்தில் எவரும் பார்க்கக்கூடியவை. அவற்றை வாசித்து, கோப்பாய்க்கு இன்னும் அரை மணித்தியாலத்தில் மின்னல் என்று சொல்வதற்கு ஓர் ஏற்பாடு இல்லாததுதான் குறை.

அந்த அரை மணித்தியாலத்தின் அருமை சீவல் தொழிலாளிக்குத் தெரியும். பின்னேரம் அவர் பனையில் ஏறும் நேரமும் இடிமுகில் முற்றும் நேரமும் ஒன்று. செம்மண் வெளியில் உயர்ந்து நிற்பது பனைதான்; மின்னல் முதலில் தேடுவதும் அதையே. கிண்டிய வெங்காயத்தைத் தோட்டத்தில் காயவிட்டவருக்கு அதை அள்ளி மூடவும், தறைக்குள் நிற்கும் கூலியாட்கள் வீடு சேரவும் அந்த நேரம் போதும்.

யாழ். பல்கலைக்கழகப் புவியியற்றுறையின் நா. பிரதீபராஜா தமிழில் எழுதும் வானிலைக் குறிப்புகளை மக்கள் தேடி வாசிப்பது, இந்தத் தேவை எவ்வளவு பெரியது என்பதற்குச் சாட்சி. ஆனால் ஒருவரின் தனி உழைப்பில் ஒரு மாவட்டத்தின் பாதுகாப்பைச் சாத்திவிட முடியாது. யாழ். திருநெல்வேலியிலுள்ள வானிலை அவதான நிலையத்துக்கு ராடார் படம் வாசிக்கத் தெரிந்த ஆளணியைக் கொடுக்க வேண்டும். பங்குனி தொடக்கம் வைகாசி வரை, நண்பகல் முதல் பொழுதுபடும் வரை, பிரதேச செயலகப் பிரிவு வாரியாகத் தமிழில் குறுஞ்செய்தி அனுப்பும் அதிகாரத்தையும் கொழும்பு அதற்கு வழங்க வேண்டும்.