இசை வாழும் தவறணைகள்

தவறணைகளைப் பற்றி எழுதப் புகுந்த எம்மைக் கண்டு நம் வாசகருட் சிலர் வியப்பர். வேறு சிலர் முகஞ் சுளிப்பர். கள்ளாலும் சாராயத்தாலும் நிலைகுலைந்த குடும்பங்களை நம் ஊர்களிலே கண்ணாரக் கண்டவர்கள் நாம். குடிக்குப் பரிந்து பேச நாம் முன்வரவில்லை. ஆயினும், அயர்லாந்து என்னும் சிறு தீவிலே ஓர் இனத்தின் பழம்பெரும் இசை, கலாசாலை மண்டபத்திலும் அரசாங்க அரங்கிலும் வாழ்வதைவிடத் தவறணைகளிலேயே செழிப்பாக வாழ்கின்றது. அங்ஙனம் அது அங்கே போய்ச் சேர்ந்தது எப்படி, இன்று அதனை அங்கிருந்து கிளப்ப முயல்வோர் யார் என்பன நாம் அறிந்துகொள்ள வேண்டிய செய்திகள். இலண்டனில் மக்களும் மருமக்களும் வாழும் குடும்பங்கள் நம்மிடையே பல. அங்கிருந்து டப்ளின் நகருக்கு ஆகாய வழி ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். போகக் கூடியவர்கள் எங்கே போகலாம் என்பதையும் இடையிடையே சொல்வோம்.

'பப்' என்று சுருக்கமாக வழங்குவது 'பப்ளிக் ஹவுஸ்', அதாவது பொதுவீடு. பெயரிலேயே பாதிச் செய்தி இருக்கின்றது. அயர்லாந்தின் சிற்றூர்களில் பலசரக்குக் கடையும் தவறணையும் ஒரே அறையில் இருந்ததுண்டு. சில ஊர்களில் சவ அடக்க ஒழுங்குகளையும் அதே முதலாளியே கவனித்துக்கொள்வார். பிறப்பு முதல் இறப்பு வரை ஊரார் கூடுமிடம் அது. அவ்வறையின் ஒரு மூலையில், மேடையின்றி, ஒலிபெருக்கியின்றி, ஒரு மேசையைச் சுற்றிப் பிடில், புல்லாங்குழல், தகரக் குழல், கொன்சற்றீனா, கைமுட்டியால் காற்றூட்டி வாசிக்கும் இலன் பைப் ஆகியவற்றோடு ஐந்தாறு பேர் அமர்வர். அவர்கள் முகம் பார்வையாளரை நோக்குவதில்லை, ஒருவரையொருவர் நோக்கியிருக்கும். எழுதிய இசைத்தாள் எதுவும் இராது. ஒருவர் ஒரு மெட்டைத் தொடங்குவார், தெரிந்தவர்கள் சேர்ந்துகொள்வர், தெரியாதவர்கள் வாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்டு செவிகொடுப்பர். இரண்டு மூன்று மெட்டுக்களை இடைவிடாது கோத்து வாசித்து நிறுத்துவர். பிறகு பேச்சு, சிரிப்பு, ஒரு மிடறு, மீண்டும் இசை. இதனை அவர்கள் 'செஷன்' என்பர். கச்சேரி என்ற சொல் இதற்குப் பொருந்தாது. கச்சேரியில் வித்துவான் சபைக்காக வாசிக்கின்றார். இங்கே சபை தற்செயலாக உடனிருக்கின்றது.

இதனைக் காணும் பிரயாணி, ஏதோ ஆயிரமாண்டு வழக்கம் என்று மயங்குவது இயல்பு. உண்மை அதுவன்று. இசை பழையது, தவறணையில் கூடி வாசிக்கும் வழக்கம் புதியது. முன்னாளில் இவ்விசை வாழ்ந்த இடம் கமக்காரரின் அடுக்களையும் நாற்சந்தியுமே. அறுவடை முடிந்த பின்னரும் ஒருவர் கடல் கடந்து போகுமுன்னரும் வீட்டு அடுக்களையில் தட்டுமுட்டுக்களை ஒதுக்கிவிட்டு ஆடுவார்கள். ஊர்ப் பிடில்காரர் மூலையில் அமர்ந்து வாசிப்பார். ஆங்கிலேய ஆட்சி நூற்றாண்டுக் கணக்காக அந்நாட்டின் மொழியையும் நிலத்தையும் பறித்தது. அடுக்களை நடனத்தை அதனால் ஒழிக்க முடியவில்லை. ஒழிக்கும் வேலையில் பெரும் பங்கு பற்றியது, 1922ஆம் ஆண்டில் சுதந்திரம் பெற்ற ஐரிஷ் மக்களின் சொந்த அரசாங்கம்! 1935ஆம் ஆண்டுப் பொது நடன மண்டபச் சட்டம், நீதிமன்ற அனுமதியின்றிப் பொது நடனம் நடத்துதலைக் குற்றமாக்கியது. ஒழுக்கம் கெடுகின்றதென்று குருமார் முறையிட்டனர். அனுமதி பெற்ற மண்டபங்களின் நுழைவுச் சீட்டில் வரி கிடைக்குமென்று அரசினர் கண்டனர். சட்டத்தின் வாசகம் வீட்டு நடனத்தைத் தொட்டதா என்பது இன்றும் வாதத்துக்குரியது. நடைமுறையில் பொலிசாரும் குருவானவர்களும் வீட்டு வாசலுக்கே வந்தார்கள். கிளெயர் பகுதியின் புகழ்பெற்ற பிடில் கலைஞர் ஜூனியர் கிரெஹன், அச்சட்டம் கிராமத்து இசையின் அடிவேரை அறுத்துவிட்டதென்று முதுமை வரையில் மனம் வெதும்பிப் பேசிவந்தார்.

அடுக்களையை இழந்த இசை எங்கே போயிற்று? வேலை தேடிய இளைஞரோடு கப்பலேறிற்று. ஸ்லைகோ பகுதியிலே பிறந்த மைக்கல் கோல்மனின் பிடில் முன்னரே, 1920களில், நியூயோர்க்கில் இசைத்தட்டுக்களாகப் பதிவாகித் தாய்நாட்டுக்குத் திரும்பிவந்து, அங்குள்ளோர் வாசிக்கும் முறையையே மாற்றியிருந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் இலண்டனிலே கட்டட வேலையும் வீதி வேலையும் செய்த ஐரிஷ் தொழிலாளர் ஒற்றை அறைகளில் வாழ்ந்தனர். விருந்தினரை அழைக்க அவர்களுக்கு அடுக்களை இல்லை. 1940களின் பிற்பகுதியில் அவர்கள் கேம்டன் டவுன் போன்ற பகுதிகளின் தவறணைகளிலே வாத்தியங்களோடு கூடினர். இன்று உலகமெல்லாம் 'ஐரிஷ் பப் இசை' என்று கொண்டாடப்படுவது, வீடற்ற கூலியாட்கள் அந்நிய நகரத்திலே தேடிக்கொண்ட ஒதுக்கிடத்தில் உருவானது. புலம்பெயர்ந்தோரின் வரலாற்றை அறிந்த நமக்கு இதிலே விளக்கம் வேண்டியதில்லை.

தாய்நாட்டிலும் காற்றுத் திரும்பிற்று. 1951ஆம் ஆண்டில் முல்லிங்கார் நகரிலே இசைஞர் கூடிச் சங்கம் அமைத்துப் பெருவிழாவும் எடுத்தனர். அவ்விழா ஊர் மாறி மாறி இன்றும் நடக்கின்றது. 1962ஆம் ஆண்டில் டப்ளின் மெரியன் றோவிலுள்ள ஓடோனஹூஸ் என்னும் தவறணையில் வாசித்து வந்த றொனி ட்றூ, லூக் கெலி, பார்னி மக்கென்னா, கியரன் பேர்க் ஆகியோர் 'த டப்ளினர்ஸ்' குழுவாக உருவெடுத்தனர். அத்தவறணை இன்றும் இருக்கின்றது. இன்றும் அங்கே இசை உண்டு.

மேற்குக் கரைக்குப் போகும் பிரயாணிக்கு இடங்கள் நிறைய. கிளெயர் கடற்கரையிலுள்ள டூலின் என்னும் சிற்றூரில் 1832இல் தொடங்கிய கஸ் ஓகொனர் தவறணை இருக்கின்றது. அவ்வூர்க்காரரான மிக்கோ, பக்கி, கசி ரசல் என்னும் சகோதரர் மூவரும் அங்கே வாசித்தனர். 1994இல் மறைந்த மிக்கோ ரசல், விலை மலிந்த தகரக் குழல் ஒன்றைக் கொண்டு ஐரோப்பாவெங்கும் பெயர் பெற்றவர்; அவரைத் தேடி வந்த இளைஞராலேயே டூலின் உலகறிந்த ஊராயிற்று. கோல்வே நகரில் ரை கோலி, கிரேன் ஆகிய இரண்டும் நல்ல இசைக்குப் பெயர் போனவை. மேயோவிலுள்ள வெஸ்ற்போட் நகரில், 'சீப்ரன்ஸ்' குழுவின் புல்லாங்குழல் கலைஞர் மற் மொலோயின் பெயரால் ஒரு தவறணை உண்டு. வடமேற்கே டொனிகோலில், ஐரிஷ் மொழி பேசும் பகுதியில், லியோஸ் ரவேண் இருக்கின்றது. 'கிளானாட்' குழுவினர் சிலரும் பாடகி எனியாவும் அவ்வீட்டுப் பிள்ளைகள். தாய்மொழியிற் பாடினால் யார் கேட்பார் என்ற கேள்விக்கு 1982இல் கிளானாட் பதில் சொன்னது: ஐரிஷ் மொழிச் சொற்கள் நிறைந்த அவர்களின் பாடலொன்று பிரித்தானிய விற்பனை வரிசையில் ஐந்தாம் இடத்தைப் பிடித்தது.

மொழி பற்றி ஒரு சொல். 2022ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி, ஐரிஷ் பேசத் தெரியுமென்று சொன்னவர்கள் ஏறக்குறைய 18 இலட்சத்து 74 ஆயிரம் பேர். பள்ளிக்கூடத்துக்கு வெளியே நாள்தோறும் அதைப் பேசுகிறோம் என்றவர்களோ 71,968 பேர் மாத்திரமே. அரசியலமைப்பு அதனை முதலாவது அரச கரும மொழியென்று பிரகடனஞ் செய்திருக்கின்றது; ஒவ்வொரு பிள்ளையும் பள்ளியிலே அதைப் படிக்கின்றது; ஆனால் பேசிப் பழக ஓர் இடமில்லை. 2016இல் டப்ளின் இளைஞர் சிலர் இதற்கு எளிய வழி கண்டனர். ஒரு நாளும் ஒரு தவறணையும் குறித்து, அங்கே கூடி ஐரிஷ் மொழியில் பேசுவது. வேறு சொற்பொழிவோ சந்தாவோ தலைவரோ இல்லை. இக்கூட்டங்கள் 'பொப் அப் கேல்டாக்ட்' என்ற பெயரோடு விரைவிலேயே வேறு நகரங்களுக்கும் பரவின. சட்டப் புத்தகத்தில் இடம் பெற்ற மொழிக்கு நாக்கில் இடம் பெற்றுக் கொடுப்பது வேறொரு வேலை என்பதை அவர்கள் உணர்ந்திருக்கின்றனர்.

இனி, கசப்பான பகுதிக்கு வருவோம். டப்ளினுக்குப் போகும் உல்லாசப் பிரயாணிகள் முதலிற் செல்வது லிஃபி ஆற்றின் தென்கரையிலுள்ள டெம்பிள் பார் பகுதிக்கு. 1980களில் அப்பகுதியை இடித்துப் பெரியதொரு பஸ் நிலையம் கட்டப் போக்குவரத்துச் சபை கட்டடங்களை வாங்கிற்று. இடிக்கும் வரையில் மலிந்த வாடகைக்கு விட, ஓவியரும் இசைஞரும் சிறு வியாபாரிகளும் குடிவந்தனர். பகுதி உயிர் பெற்றது. அந்த உயிர்ப்பைக் கண்ட அரசாங்கம் பஸ் நிலையத்தைக் கைவிட்டு, 1991இல் தனிச்சட்டம் இயற்றி அதனைக் 'கலாசாரப் பகுதி' ஆக்கிற்று. விளைவு யாது? இன்று அங்கே ஒரு கோப்பை பியர் நகரின் மற்றெப் பகுதியிலும் பார்க்க விலை கூடியது. மேடையில் ஒலிபெருக்கியோடு நிற்பவர், வெளிநாட்டார் எதிர்பார்க்கும் பத்துப் பன்னிரண்டு பாட்டுக்களையே மாறி மாறிப் பாடுகின்றார். மலிந்த வாடகைதான் அப்பகுதியின் கலைக்கு வேராக இருந்தது. கலாசாரம் என்ற பட்டம் வந்தது; வாடகை ஏறிற்று; கலைஞர் போய்விட்டனர்.

இதே விதி ஆற்றின் வடகரையிலும் ஒரு தவறணையை நெருங்கியது. ஸ்மித்ஃபீல்ட் என்பது பழைய சந்தைப் பகுதி. அங்கே கொபிள்ஸ்டோன் என்னும் தவறணையின் வாசலில், இது குடிக்கும் இடந்தான், ஆனால் இசைத் தொல்லையும் உண்டு என்ற பொருளில் ஒரு குறும்பான அறிவிப்பு இருக்கும். முன்னறையில் நாள்தோறும் செஷன், பின்னறையில் கச்சேரிகள், வாத்தியமும் நடனமும் கற்பிக்கும் வகுப்புக்களும் உண்டு. இத்தனையும் நடக்கும் கட்டடத்தை உள்ளடக்கி, ஒன்பது மாடி வரை உயரும் 114 அறை ஹொட்டேல் ஒன்றைக் கட்ட 2021இல் விண்ணப்பஞ் செய்யப்பட்டது. தவறணையை இடிக்கப் போவதில்லை, முன்னறை அப்படியே இருக்கும் என்றனர் விண்ணப்பகாரர். பின்னறை போய்விடும் என்பதே சங்கதி. கற்பிக்கும் அறை போன பின் வாசிக்கும் அறை எத்தனை நாளைக்கு? ஹொட்டேலுக்கு வரும் பிரயாணிகளோ, அந்த இசையைக் கேட்கவே வருகிறவர்கள். அவர்களுக்குக் கட்டில் போடுவதற்காக, அவர்கள் கேட்க வந்த இசையின் கூரையைப் பிரிப்பது! இதிலும் பெரிய மதியீனத்தை நாம் அண்மையிற் கேட்டதில்லை.

டப்ளின் மக்கள் வாளாவிருக்கவில்லை. பல்லாயிரவர் விண்ணப்பத்துக்கு எதிராகக் கையெழுத்திட்டனர். அவ்வாண்டு ஒக்ரோபரில் பிடிலும் குழலும் பௌரான் பறையும் முழங்க, டப்ளினின் சாவைக் குறிக்கும் சவப்பெட்டியொன்றைத் தோளிற் சுமந்து, மாநகரசபை அலுவலகம் வரை ஊர்வலமாய்ச் சென்றனர். நவம்பரில் மாநகரசபை அனுமதி மறுத்தது. கட்டடத்தின் அளவு சூழலுக்கு ஒவ்வாது என்பதோடு, கலாசாரத்துக்குரிய இடம் இழக்கப்படும் என்பதும் காரணமாகக் காட்டப்பட்டது. இரண்டாவது காரணத்தையே நாம் பெரிதாக மதிக்கின்றோம். 2017இல் இலன் பைப் இசையை யுனெஸ்கோ நிறுவனம் மனித குலத்தின் மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது, மகிழ்ச்சிதான். ஆனால் பட்டியலில் இசைக்கு ஓர் இடம் கிடைத்தாற் போதாது. நகரத்திலே அதற்கு ஓர் அறை வேண்டும். சுவரையும் முகப்பையும் காக்கச் சட்டங்கள் உண்டு. அச்சுவருக்குள் வாரந்தோறும் கூடும் வழக்கத்தைக் காக்க வல்ல சட்டம் எந்நாட்டிலும் அரிது. ஐரிஷ் அரசாங்கம் அதனை எழுதட்டும். 1935ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு அது பிராயச்சித்தமாகும்.

இதற்கு மறுப்புரைப்போர் உண்டு. இசையைக் குடியோடு கட்டிப்போடலாமா என்பர். நியாயமான கேள்வி. 1838இல் தந்தை மத்தியூ கோர்க் நகரில் தொடங்கிய மதுவிலக்கு இயக்கத்திலே இலட்சக்கணக்கான ஐரிஷ் மக்கள் சத்தியஞ் செய்தது, அந்நாடு குடியால் பட்ட பாட்டைக் காட்டும். இன்றும் அரசாங்கம் 2022 முதல் மதுவுக்குக் குறைந்தபட்ச விலை விதித்திருக்கின்றது. கிராமத்துத் தவறணைகளும் மூடப்பட்டு வருகின்றன. 2005க்கும் 2021க்கும் இடையில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு மறைந்துவிட்டது. குடி குறைவது நன்றே. ஆனால் கடை மூடப்படும் ஊரில் கூடுமிடமும் சேர்ந்து மூடப்படுகின்றது. அதற்கீடாக வேறொரு பொதுவீட்டை யாரும் திறப்பதில்லை. டப்ளின் ஹென்றியெற்றா வீதி 15ஆம் இலக்கத்தில் இலன் பைப் கலைஞர் சங்கம் தன் இல்லத்தை வைத்துக் கற்பித்து வருவது போன்ற முயற்சிகள் ஊர்தோறும் பெருகுமாயின், தவறணையை நம்பியிருக்கும் தேவையே குறையும். பெருகும் வரையில், இருக்கும் அறையை இடிக்க விடலாகாது.

போகிறவர்களுக்குச் சில குறிப்புக்கள். விளம்பரப் பலகை பெரிதாயிருக்கும் இடத்தைத் தவிர்த்து, இரவு ஒன்பது மணிக்குப் பின், இன்று செஷன் எங்கே என்று ஊரவரை விசாரித்துச் செல்லுங்கள். மதுவருந்தாதவர் தேநீரோ சோடாவோ கேட்கலாம். யாரும் குறையாக எண்ணமாட்டார்கள். மெட்டு நடக்கும்போது கைதட்டித் தாளம் போடுதல் வேண்டாம். விரும்பிய பாட்டைக் கேட்டு வாங்கும் வழக்கமும் அங்கில்லை. வாத்தியக்காரரின் மேசையருகே ஓர் ஆசனம் வெறுமையாயிருந்தால் அதில் அமர்ந்துவிடாதீர்கள். சற்றுப் பிந்தி வரும் ஒரு பிடில்காரருக்காக அதனை வைத்திருப்பார்கள்.