கை முறுக்கினால் தைலம் போதுமா?

"கை தானா முறுக்கிக்குதுங்க ஐயா. பரீட்சையே எழுத முடியல. வாதத் தைலம் குடுங்க, உருவி விட்டுர்றோம்."

மோகனூரில் என் வைத்தியசாலைக்கு, கொடிக்கால் விவசாயி ஒருவர் 16 வயது மகனோடு வந்து இப்படிக் கேட்டார். தைலம் கொடுத்திருந்தால் அவருக்குத் திருப்தி, எனக்கு வருமானம். ஆனால் பையனுக்குப் பேச்சும் குழறியது. இரண்டு வருஷம் முன்பு மஞ்சள் காமாலை வேறு வந்ததாம். சேலத்தில் ஒரு நரம்பியல் டாக்டரிடம் அனுப்பி வைத்தேன்.

நம் விருப்பமின்றித் தசைகள் இறுகி, கழுத்தோ கையோ திருகிக் கொள்வதை ‘டிஸ்டோனியா’ என்கிறார்கள். நாங்கள் இதை வாத நோய்களில் சேர்ப்போம். பெயர் எதுவானாலும் காரணம் பல. சிலருக்கு வாந்தியை நிறுத்தும் மெட்டோகுளோபிரமைடு மருந்தாலேயே கழுத்து இழுக்கும். மாற்று ஊசி போட்டால் அடங்கும். சில குழந்தைகளுக்குக் காலையில் நன்றாக இருந்த கால் சாயங்காலம் முறுக்கும்; சிறிதளவு லெவோடோபா மாத்திரையிலேயே தேறிவிடுவார்கள். கழுத்துத் திருகலுக்குச் சில மாதங்களுக்கு ஒருமுறை போட்டுலினம் ஊசி உண்டு. மருந்துக்கு அடங்காதவர்களில் சிலருக்கு மூளையில் மின்முனை பதிக்கும் அறுவை சிகிச்சையும் இருக்கிறது.

இந்தப் பையனுக்கு வந்திருந்தது வில்சன் நோய். 1912-ல் வில்சன் என்ற டாக்டர் விவரித்தது. உணவிலுள்ள செம்பைக் கல்லீரல் வெளியேற்ற முடியாமல், அது கல்லீரலிலும் மூளையிலும் தங்கிவிடுகிறது. ரத்தத்தில் செருலோபிளாஸ்மின், 24 மணி நேரச் சிறுநீரில் செம்பு, கருவிழி ஓரத்தில் பழுப்பு வளையம் – இவற்றைப் பார்த்துக் கண்டுபிடிக்கிறார்கள். பெனிசிலமின், துத்தநாக மருந்துகளை ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டும். நிறுத்தினால் ஆபத்து.

செம்புக் குடத்துத் தண்ணீர் நல்லது என்று எல்லோருக்கும் சொல்கிறோமே, இவர்களுக்கு அது ஆகாது. செம்பு சேர்ந்த பற்பம், செந்தூரமும் கூடவே கூடாது. பாளையங்கோட்டையில் சித்தம் படித்த நானே இதைச் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வது?

இன்னொன்று. தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் இந்த நோய் வரும். சொந்தத்திலேயே பெண் எடுக்கும் குடும்பங்களில் வாய்ப்பு அதிகம். கூடப்பிறந்தவர்களுக்கு நாலில் ஒரு பங்கு வாய்ப்பு என்பதால், நோய்க்குறி இல்லாவிட்டாலும் அவர்களையும் பரிசோதிக்க வேண்டும். அந்தப் பையனின் தங்கையையும் அழைத்துப் போகச் சொன்னேன்.

காரணம் தெரிந்த பிறகு, டாக்டர் சம்மதித்தால் வலிக்கு மெதுவாகத் தைலம் தடவலாம். தைலம் எங்கும் ஓடிப் போகாது, நாள்தான் ஓடிவிடும்.