நூறாவது வெற்றிக்கு முந்தைய நாள்

இத்தாலியின் செஸ்ட்ரியேர் மலைச்சரிவில் பிப்ரவரி 23ஆம் தேதி நடைபெற்ற சலோம் போட்டியில் அமெரிக்க வீராங்கனை மிக்கேலா ஷிஃப்ரின் முதலிடம் பெற்றார். உலகக் கோப்பைப் பனிச்சறுக்குப் போட்டிகளில் இது அவருடைய நூறாவது வெற்றி. ஆண், பெண் இருபாலரிலும் இந்த எண்ணிக்கையை இதற்கு முன் எவரும் எட்டியதில்லை. ஸ்வீடனின் இங்கெமார் ஸ்டென்மார்க் 1989இல் ஓய்வு பெற்றபோது விட்டுச் சென்ற 86 வெற்றிகள் என்ற சாதனை 34 ஆண்டுகள் அசையாமல் நின்றது. அதை 2023 மார்ச்சில் கடந்த ஷிஃப்ரின், 2025இல் நூறைத் தொட்டார்.

செய்திகள் அனைத்தும் நூறைப் பற்றியே பேசின. அதில் வியப்பில்லை. ஆனால், சோச்சி ஒலிம்பிக் காலம் தொட்டு இவருடைய போட்டிகளைத் தொடர்ந்து கவனித்து வரும் ரசிகன் என்ற முறையில், அந்த வெற்றியைவிட அதற்கு முந்தைய இரண்டு நாள்களே என்னைச் சிந்திக்க வைத்தன. அதே செஸ்ட்ரியேரில் வெள்ளிக்கிழமை நடந்த ஜயன்ட் சலோமில் ஷிஃப்ரின் முதல் இருபது பேருக்குள்கூட வரவில்லை. சனிக்கிழமை நடந்த மற்றொரு ஜயன்ட் சலோமில் இரண்டாம் சுற்றுக்கே அவர் தகுதி பெறவில்லை. முதல் சுற்றில் முதல் 30 இடங்களைப் பிடிப்பவர்களுக்கே இரண்டாம் சுற்று உண்டு. அந்த முப்பதில் அவர் பெயர் இல்லை. மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, அவரே உலகின் தலைசிறந்த சலோம் வீராங்கனையாகக் குரோஷியாவின் ஸ்ரிங்கா லூடிச்சை 0.61 விநாடி வித்தியாசத்தில் முந்தினார்.

ஒரே ஊர், ஒரே வார இறுதி, ஒரே வீராங்கனை. இந்த முரணைப் புரிந்துகொள்ள இரு போட்டிகளுக்கும் உள்ள வேறுபாட்டைச் சற்றே அறிந்துகொள்ள வேண்டும். சலோமில் கம்பங்கள் நெருக்கமாக நடப்பட்டிருக்கும். வீரர்கள் அவற்றைக் கணைக்கால் காப்பாலும் கைகளாலும் தட்டிச் சாய்த்தபடி குறுகிய வளைவுகளில் இறங்குவார்கள். ஜயன்ட் சலோமில் கம்பங்களுக்கிடையே இடைவெளி அதிகம், வளைவுகள் அகன்றவை, வேகமும் அதிகம். இரண்டிலும் இரு சுற்றுகளின் நேரமும் கூட்டப்பட்டு வெற்றி தீர்மானிக்கப்படும். இரண்டாம் சுற்றில் முதல் சுற்றின் முதல் 30 பேர் தலைகீழ் வரிசையில் இறங்குவார்கள். முன்னிலையில் இருப்பவருக்குக் கடைசி முறை. எல்லோருடைய நேரமும் தெரிந்தபின், எல்லோருடைய கண்களும் தன் மீது குவிந்திருக்க, அவர் தனியாக மேலிருந்து புறப்பட வேண்டும்.

2024 நவம்பர் 30ஆம் தேதி அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்திலுள்ள கில்லிங்டனில் ஷிஃப்ரின் அவ்வாறுதான் புறப்பட்டார். அதற்கு ஒரு வாரம் முன்பு ஆஸ்திரியாவின் குர்க்லில் 99ஆவது வெற்றி கிடைத்திருந்தது. நூறாவது வெற்றி சொந்த நாட்டில், சொந்த ரசிகர்கள் முன்னிலையில் கிடைக்கப்போகிறது என்று அனைவரும் காத்திருந்தோம். முதல் சுற்றில் அவரே முன்னிலை. போட்டி ஜயன்ட் சலோம். முடிவுக்கோடு கண்ணுக்குத் தெரியும் தொலைவில் அவர் நிலைகுலைந்தார். கம்பங்களில் மோதிச் சறுக்கிக்கொண்டே போய் வலைவேலியில் விழுந்தார். வயிற்றின் பக்கவாட்டில் ஏதோ ஒன்று ஆழமாகக் குத்திக் கிழித்திருந்தது, தசைகள் சிதைந்திருந்தன. மலையிலிருந்து அவரைச் சறுக்குப் படுக்கையில் கிடத்தி இறக்கினார்கள். பின்னர் அறுவை சிகிச்சையும் தேவைப்பட்டது.

இரண்டு மாதங்கள் கழித்து, ஜனவரி 30ஆம் தேதி பிரான்ஸின் கூர்ஷெவெலில் அவர் சலோமுக்குத் திரும்பினார், 10ஆம் இடம். பிப்ரவரியில் ஆஸ்திரியாவின் சால்பாக்கில் உலக சாம்பியன்ஷிப் நடந்தது. ஜயன்ட் சலோமில் நடப்பு உலக சாம்பியன் அவர்தான். ஆயினும் அந்தப் போட்டியில் பங்கேற்கப்போவதில்லை என்று அறிவித்தார். காயம் ஆறவில்லை என்று சொல்லியிருக்கலாம். எவரும் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். அவர் அப்படிச் சொல்லவில்லை. விபத்துக்குப் பின் மனத்தில் தங்கிவிட்ட அச்சத்தை இன்னும் வெல்ல முடியவில்லை என்றும், பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சலின் அறிகுறிகளுடன் போராடி வருவதாகவும் வெளிப்படையாக எழுதினார்.

என்னைப் பொறுத்தவரை, அவருடைய நூறு வெற்றிகளுக்கு நிகரான செயல் இது. வீரம் என்றால் அச்சமின்மை என்றே பழகிப்போன உலகத்தில், அதிலும் வீழ்ந்தவர் எழுந்து அதே சரிவில் மீண்டும் இறங்குவதை மட்டுமே கொண்டாடும் ஒரு விளையாட்டில், ‘இந்தப் போட்டியில் நான் அஞ்சுகிறேன், அந்தப் போட்டியில் அஞ்சவில்லை’ என்று பிரித்துச் சொல்லும் துல்லியம் அரிது. செஸ்ட்ரியேரின் மூன்று நாள்கள் அந்தத் துல்லியத்துக்குச் சான்றாயின. ஜயன்ட் சலோமில் அவருடைய உடல் தயங்கியது, சலோமில் தயங்கவில்லை. சாக்குப்போக்கு சொல்கிறார் என்று எண்ணியவர்களுக்கு அந்த மதிப்பெண் பட்டியலே பதில்.

எதிர்வாதம் ஒன்று உண்டு. அதை ஒதுக்கிவிட முடியாது. ஆபத்தான விளையாட்டைத் தாமே விரும்பித் தேர்ந்தெடுத்து, அதன்வழிப் புகழும் விளம்பர வருவாயும் பெற்றவர்கள், நெருக்கடி வரும்போது மனநலத்தைக் காரணம் காட்டி விலகுவது முறையா என்ற கேள்வி, 2021இல் டோக்கியோ ஒலிம்பிக் அணிப் போட்டியின் நடுவே ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை சிமோன் பைல்ஸ் விலகியதிலிருந்து எழுந்துகொண்டே இருக்கிறது. இப்படிக் கேட்பவர்கள் பனிச்சறுக்கின் இயல்பை மறந்துவிடுகிறார்கள். தயக்கத்தோடு டென்னிஸ் ஆடினால் ஆட்டம் கைநழுவும். தயக்கத்தோடு பனிச்சரிவில் இறங்கினால் எலும்பு முறியும், சில வேளைகளில் உயிரும் போகும். சறுக்குப் பலகையின் இரும்பு விளிம்புகள் கத்தியைப் போல் தீட்டப்பட்டவை. ஷிஃப்ரினின் வருங்காலக் கணவரும் நார்வேயின் முன்னணி வீரருமான அலெக்சாண்டர் ஆமோட் கில்டே 2024 ஜனவரியில் சுவிட்சர்லாந்தின் வெங்கனில் விழுந்தபோது கெண்டைக்கால் ஆழமாக வெட்டுண்டது, தோள்பட்டையும் விலகியது. 2024 அக்டோபரில் பயிற்சியின்போது விழுந்த 19 வயது இத்தாலிய வீராங்கனை மத்தில்தே லோரென்சி உயிரிழந்தார். இந்த விளையாட்டில் அச்சம் என்பது மனத்தின் கோளாறு அன்று. பல வேளைகளில் அது சரியான கணக்கு.

ஷிஃப்ரினின் பொதுவாழ்க்கையை 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கைத் தவிர்த்துவிட்டுப் பேச முடியாது. அதற்கு முன் அவர் ஒலிம்பிக்கில் கண்டதெல்லாம் ஏற்றமே. 2014 சோச்சியில் 18 வயதில் சலோம் தங்கம். அந்தப் போட்டியில் அவ்வளவு இளம் வயதில் தங்கம் வென்றவர் வேறெவருமில்லை. இரண்டாம் சுற்றின் பாதியில் ஒரு கால் அந்தரத்தில் எழும்பி, விழுந்துவிடுவார் என்று நினைத்த கணத்தில் நிமிர்ந்து அவர் தொடர்ந்து இறங்கியதை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. நான் அவருடைய ரசிகன் ஆனது அந்த ஒரு கணத்தால்தான். 2018 பியோங்சாங்கில் ஜயன்ட் சலோம் தங்கமும் ஒருங்கிணைந்த போட்டியில் வெள்ளியும் கிடைத்தன.

பெய்ஜிங்கில் அவர் ஆறு போட்டிகளில் பங்கேற்றார். ஒரு பதக்கமும் கிடைக்கவில்லை. ஜயன்ட் சலோமிலும் சலோமிலும் தொடங்கிய சில விநாடிகளிலேயே தடம் தவறி வெளியேறினார். ஒருங்கிணைந்த போட்டியின் சலோம் சுற்றிலும் அதுவே நேர்ந்தது. சலோமில் வெளியேறியபின் சரிவின் ஓரத்தில் தலை குனிந்து பனியில் அமர்ந்துவிட்டார். ஏறத்தாழ இருபது நிமிடங்கள். தொலைக்காட்சிக் கேமரா அவரை விட்டு அகலவில்லை. போட்டியை ஒளிபரப்பிய அமெரிக்க நிறுவனம் அதற்காகக் கண்டனத்துக்கு உள்ளானது. கண்டனம் நியாயமானது. ஆனால் அந்தக் காட்சியைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்த லட்சக்கணக்கானோரில் நானும் ஒருவன் என்பதையும் சொல்ல வேண்டும். வெற்றியைக் காண்பதற்கு ரசிகனுக்கு உரிமை இருக்கிறது. ஒருவரின் நொறுங்கலை அண்மைக் காட்சியில் காணும் உரிமையை அவனுக்கு யார் தந்தது?

அன்று நிருபர்களிடம் பேசுகையில், அந்த வேளையில் தந்தையிடம் பேச வேண்டும் போலிருக்கிறது என்று கலங்கினார். அவருடைய தந்தை ஜெஃப், மயக்கவியல் மருத்துவர். மகளின் போட்டிகளுக்குக் கேமராவோடு வந்து படமெடுப்பவர். 2020 பிப்ரவரியில் வீட்டில் நேர்ந்த விபத்தில் அவர் இறந்துபோனார். அப்போது உலகக் கோப்பையின் ஒட்டுமொத்தத் தரவரிசையில் முன்னிலையில் இருந்த ஷிஃப்ரின், எல்லாவற்றையும் விட்டுவிட்டு வீடு திரும்பினார். அந்தப் பருவத்தின் கோப்பை வேறொருவர் கைக்குப் போயிற்று.

பெய்ஜிங் தோல்விக்குப் பிறகு அவருக்குச் சமூக ஊடகங்களில் வந்து குவிந்தவை இழிசொற்களும், ஓய்வு பெறச் சொல்லும் ஏளனங்களும். அவற்றை அவர் மறைக்கவில்லை. தொகுத்துத் தாமே வெளியிட்டார். அதே பருவத்தின் முடிவில், மார்ச்சில், ஒட்டுமொத்த உலகக் கோப்பையை நான்காம் முறையாக வென்றார். ஒலிம்பிக்கை மட்டும் நான்காண்டுக்கு ஒருமுறை பார்ப்பவர்களுக்கு அந்தச் செய்தி போய்ச் சேர்ந்ததா என்பது ஐயமே. உலகக் கோப்பை குளிர்காலம் முழுவதும் ஊர் ஊராக நடப்பது. அங்கே பெறும் வெற்றி உண்மையான அளவுகோல் என்று பனிச்சறுக்கு அறிந்தவர்கள் கருதுகிறார்கள். பதக்கப் பட்டியலைப் பார்த்து நாடுகளை எடைபோடும் பழக்கம் நமக்கும் உண்டு என்பதால் இதைக் குறிப்பிடுகிறேன்.

எண்ணிக்கைப் பித்து நமக்குப் புதிதன்று. சச்சின் டெண்டுல்கர் 2011 மார்ச்சில் 99ஆவது சர்வதேச சதத்தை அடித்தபின் நூறாவது சதத்துக்காக ஓராண்டுக்கும் மேல் காத்திருந்தார். அந்த ஓராண்டில் அவர் அடித்த நல்ல ஆட்டங்கள் எவை என்று கேட்டால் நம்மில் எத்தனை பேரால் சொல்ல முடியும்? எண்ணுவது ரசிகனின் தொழில். அதன் பாரத்தைச் சுமப்பதோ வேறொருவர். கில்லிங்டனில் ஷிஃப்ரின் விழுந்ததற்கு நூறின் பாரமே காரணம் என்று நான் சொல்லவில்லை. ஜயன்ட் சலோமில் எவரும் எப்போதும் விழலாம். ஆனால் அவர் குணமாகிக்கொண்டிருந்த வாரங்களில் வெளிவந்த செய்திகளில் ‘நூறாவது வெற்றி எப்போது’ என்ற கேள்வி, ‘உடல்நிலை எப்படி’ என்ற கேள்வியோடு ஒட்டியே வந்தது.

சால்பாக்கில் இன்னொரு வேடிக்கையும் நடந்தது. ஜயன்ட் சலோமைத் துறந்த ஷிஃப்ரின், டவுன்ஹில் வீராங்கனை ஒருவரும் சலோம் வீராங்கனை ஒருவரும் இணைந்து பங்கேற்கும் புதிய இணைப் போட்டியில் இறங்கினார். செயற்கை மூட்டு பொருத்திய முழங்காலுடன் 40 வயதில் களம் திரும்பியிருந்த லிண்ட்சி வான், ஷிஃப்ரினோடு இணைய விரும்புவதாக வெளிப்படையாகவே சொல்லியிருந்தார். ஆனால் சில நாள்களுக்கு முன்புதான் டவுன்ஹில் உலக சாம்பியனாகியிருந்த பிரீசி ஜான்சனுக்கே அந்த வாய்ப்பு கிடைத்தது. ரசிகர்கள் இரு கட்சியாகப் பிரிந்து சில நாள்கள் சண்டையிட்டார்கள். ஜான்சனும் ஷிஃப்ரினும் தங்கம் வென்றதும் சண்டை ஓய்ந்தது. உலக சாம்பியன்ஷிப் வரலாற்றில் ஷிஃப்ரினுக்கு அது 15ஆவது பதக்கம். 1930களில் ஜெர்மனியின் கிறிஸ்டல் கிரான்ஸ் படைத்த சாதனைக்கு நிகர். அச்சத்தை ஒப்புக்கொண்ட அதே வாரத்தில் இந்தத் தங்கம் வந்தது.

நூறாவது வெற்றியை அவர் வெறும் எண்ணாக விட்டுவிடவில்லை என்பதும் கவனத்துக்குரியது. வசதி குறைந்த குடும்பங்களின் சிறார்களும் பனிச்சறுக்கைக் கற்க உதவும் அமைப்பு ஒன்றுக்காக ஒரு லட்சம் டாலர் திரட்டும் முயற்சியை இந்த வெற்றியோடு இணைத்திருக்கிறார். பலகை, காலணி, பயிற்சி, மலைக்குப் போகும் செலவு என எல்லாமே விலை உயர்ந்த இந்த விளையாட்டு இன்னும் செல்வந்தர் வீட்டுப் பிள்ளைகளுடையதாகவே இருக்கிறது. ஒரு லட்சம் டாலர் அந்த நிலையை மாற்றிவிடாது; எனினும், இந்தக் குறையைத் தலைசிறந்த வீராங்கனையே சுட்டிக்காட்டுவது நல்லது.

2026 பிப்ரவரியில் மிலான்-கோர்ட்டினா குளிர்கால ஒலிம்பிக். பெண்களுக்கான பனிச்சறுக்குப் போட்டிகள் கோர்ட்டினா தாம்பெத்சோவின் தொஃபானே சரிவில் நடைபெறும். 2024 ஜனவரியில் டவுன்ஹில் போட்டியில் விழுந்து ஷிஃப்ரின் முழங்காலில் காயமடைந்த அதே சரிவு. சலோமில் அவர் அங்கே இறங்குவார் என்று எதிர்பார்க்கிறேன். ஜயன்ட் சலோமில் இறங்குவாரா என்பதை அவர் முடிவு செய்து சொல்லட்டும். மாட்டேன் என்று சொன்னாலும் அவருடைய போட்டியைப் பார்க்க அன்று நான் திரைமுன் அமர்ந்திருப்பேன்.