வயிற்றுக் கோளாறைச் சொல்ல வெட்கம் ஏன்?

"வயிறுதானே, பிள்ளை பெத்தா எல்லாம் சரியாப் போயிடும்!" என்று பெரியவர்கள் சொல்வதைக் கேட்டு வாய்மூடி இருக்கும் பெண்கள் நம் நெகிரி செம்பிலான் தோட்டங்களில் எத்தனை பேர்! வயிறு முறுக்கும், ஒரு வாரம் மலச்சிக்கல், மறுவாரம் பேதி. சோதித்தால் புண்ணோ கட்டியோ இராது. இதைக் குடல் எரிச்சல் நோய் என்கிறார்கள். இது மனப்பிரமை அல்ல.

கர்ப்பத்தில் புரோஜெஸ்டரோன் சுரப்பு கூடுவதால் குடலின் வேகம் குறைகிறது. பேதியால் அவதிப்பட்டவருக்குச் சற்று நிம்மதி கிடைக்கலாம். மலச்சிக்கல் உள்ளவருக்குத் தொல்லை கூடும். இரும்புச்சத்து மாத்திரையும் சிலருக்கு மலத்தைக் கட்டும். அதற்காக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். கிளினிக் தாதியிடம் சொல்லுங்கள். விட்டு விட்டு வரும் வலியைக் குடல்வலி என்று எண்ணி வீட்டிலேயே இருந்துவிடவும் கூடாது. அது பிரசவ வலியாக இருக்கலாம்.

பிள்ளை பிறந்ததும் அந்தச் சுரப்பு இறங்கும்; தூக்கமும் கெடும்; பழைய தொல்லை திரும்பலாம். பத்தியம் என்று தண்ணீரையும் கீரையையும் குறைத்தால் பால் கொடுக்கும் தாய்க்கு மலம் இறுகும். இந்நோய் தாய்ப்பாலைக் கெடுக்காது. பால் கொடுப்பதை நிறுத்த வேண்டாம். மலத்தில் இரத்தம், காய்ச்சல், உடல் மெலிவு கண்டால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

2023 ஜனவரி 1 முதல் பிரசவ விடுமுறை 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது. நல்லது! ஆனால் வேலைக்குத் திரும்பியவள், பக்கத்தில் கழிவறை இல்லையே என்று தண்ணீர் குடிக்காமல், மலத்தை அடக்கிக்கொண்டு செம்பனைக் காட்டில் நின்றால் மருந்து என்ன செய்யும்? வேலை செய்யும் இடத்தருகே கழிவறை கேட்பதில் வெட்கமில்லை. அடுத்த கிளைக் கூட்டத்தில் ஆண்களும் சேர்ந்து இதைப் பேசட்டும்!