பசுவா, எருமையா? ஆய்வகம் எப்படிச் சொல்கிறது?

2015 அக்டோபர் 26. டெல்லி கேரளா ஹவுஸ் கேன்டீனுக்குள் போலீஸ் நுழைந்தது. பசு இறைச்சி பரிமாறுவதாக ஒரு போன் கால், அவ்வளவுதான். மெனுவில் இருந்ததோ எருமைக்கறி. அன்றைய கேரள முதல்வர் உம்மன் சாண்டி விஷயத்தைப் பிரதமர் வரை கொண்டுபோனார்.

டெல்லியின் 1994 சட்டப்படி பசு, கன்று, காளை, எருதை வெட்டக்கூடாது. எருமைக்கு அந்தத் தடை இல்லை. சரி, மசாலாவில் வெந்த துண்டைப் பார்த்து எது எதுன்னு எப்படிச் சொல்வது?

கொரோனா காலத்தில் உங்கள் மூக்கில் குச்சி விட்டு எடுத்தார்களே, அதே பி.சி.ஆர் முறைதான். டி.என்.ஏ-வில் எந்த இடத்திலிருந்து நகலெடுக்க வேண்டும் என்று காட்டும் சுமார் 20 எழுத்துத் துணுக்குதான் பிரைமர். சிக்கல் என்னன்னா, வந்திருப்பது எந்த விலங்கு என்றே ஆய்வகத்துக்குத் தெரியாது. எல்லா விலங்கிலும் ஒட்டுகிற ஒரே ஜோடி வேண்டும்.

இங்கேதான் மென்பொருள் வருகிறது. பசு, எருமை, ஆடு, மான், புலி எனப் பல இனங்களின் வரிசைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கும். இரு ஓரமும் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி, நடுப்பகுதி மட்டும் இனத்துக்கு இனம் வேறு. அப்படி ஓர் இடத்தைத் தேடுவோம். ஓரத்தில் ஓர் எழுத்து சில இனங்களில் சி, சிலவற்றில் டி என்றால், 'ஒய்' என்று போடுவார்கள். ரம்மியில் ஜோக்கர் மாதிரி. ஜோக்கர் அதிகமானால் பிரைமர் கண்ட இடத்தில் ஒட்டும். ஒட்டும் வெப்பநிலையைக் கணக்கிட பிரைமர்3 போன்ற இலவசக் கருவிகள் உண்டு.

இந்தியாவில் இதைச் செய்துகாட்டியது ஹைதராபாத்தின் சி.சி.எம்.பி. எஸ்.கே.வர்மாவும் லால்ஜி சிங்கும் 2003-ல் வெளியிட்ட பிரைமர்கள், சைட்டோகுரோம் பி மரபணுவில் சுமார் 470 எழுத்துகளை நகலெடுக்கும். வனவிலங்கு வேட்டை வழக்குகளில் பெரிய உதவி. அந்த மரபணு மைட்டோகாண்ட்ரியாவில் இருப்பதால் ஒரு செல்லிலேயே ஏராளமான பிரதிகள். சமைத்த கறியிலும் மிஞ்சும்.

ஆனால் பல இறைச்சி கலந்திருந்தால் எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து குழம்பும். அப்போது ஒவ்வோர் இனத்துக்கும் தனி பிரைமர் போட்டுப் பார்க்கணும்.

இன்னொரு குறை மென்பொருளுடையதே அல்ல. கேரளா ஹவுஸுக்கு ஒரு மாதம் முன்பு, டெல்லியை ஒட்டிய தாத்ரியில் முகமது அக்லாக் கொல்லப்பட்டார். உள்ளூர் கால்நடை மருத்துவர் முதல் பார்வையில் ஆட்டிறைச்சி என்றார். மதுரா ஆய்வகம் பசு இனம் என்றது. அந்தச் சாம்பிள் எங்கிருந்து எடுக்கப்பட்டது என்பதே சர்ச்சையானது. டப்பாவில் வந்தது எந்த இனம் என்று பிரைமர் சொல்லும். அது யார் வீட்டு ஃபிரிட்ஜிலிருந்து வந்தது என்பதற்கு, எடுத்த இடத்திலேயே போட்ட சீலும் சாட்சிக் கையெழுத்தும்தான் ஆதாரம்.