வலி நின்றால் நோய் நின்றதா?

பல் வலித்தால் கிராம்பை வைத்து அழுத்துகிறோம். சில நாட்களில் வலி நின்றுவிட்டால் நோயே போயிற்று என்று மகிழ்கிறோம். பல வேளைகளில் அது பற்கூழின் சாவுக்கு நாம் எடுக்கும் விழா என்பேன்.

பல்லின் நடுவே நரம்பும் இரத்தக் குழாய்களும் நிறைந்திருக்கும் மென்மையான பகுதியே பற்கூழ். அது சும்மா கிடக்கும் சதையன்று. சொத்தையிலுள்ள பாக்டீரியாக்களின் அமிலமும் நச்சும் டென்டீனின் நுண்குழாய்கள் வழியே கசியத் தொடங்கியதுமே, பாக்டீரியாக்கள் வந்து சேரும் முன்பே, அது விழித்துக்கொள்கிறது. புதிய டென்டீனைச் சுவராக எழுப்புகிறது. இரத்தத்தின் வெள்ளணுக்களை வரவழைக்கிறது. ஆனால் கையில் அடிபட்டால் வீங்க இடமுண்டு. நாற்புறமும் கெட்டிச் சுவர் சூழ்ந்த பற்கூழுக்கு ஏது இடம்? உள்ளே அழுத்தம் ஏறுகிறது. இரவெல்லாம் தெறிக்கும் வலி அதனால்தான். பற்கூழ் மடிந்தபின் வலியும் அடங்குகிறது. பாக்டீரியாக்களோ அடங்குவதில்லை, வேர் நுனிவரை சென்று சீழ் வைக்கின்றன.

பற்கூழ் அவ்வளவு நொய்தானதா? 1965-இல் ககேஹாஷி, ஸ்டான்லி, ஃபிட்ஸ்ஜெரால்டு என்னும் மூவர் எலிகளின் பல்லைத் துளைத்துப் பற்கூழைத் திறந்தே விட்டார்கள். சாதாரண எலிகளில் அது அழுகிச் செத்தது. கிருமியே அண்டாமல் வளர்க்கப்பட்ட எலிகளிலோ, துளையில் உணவு அடைத்துக்கொண்டபோதும், காயத்தின்மேல் டென்டீன் பாலம் கட்டிக்கொண்டது! கொல்வது காயமன்று, கிருமியே.

ஆகவே குளிர்ந்த நீர் பட்டுப் பல் கூசும் நாளிலேயே சொத்தையை அகற்றி அடைத்துவிட்டால் பற்கூழ் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். நம் விடுதி நண்பர்களோ பல்லைப் பிடுங்குவதற்கென்றே மருத்துவரைத் தேடிப் போகிறார்கள்.